கடனின் உண்மை விலையை அறிதல்

சந்தையில் ஒரு மூட்டை மணிலாக்கொட்டை வாங்க வருபவர் எடையைப் பார்ப்பார், விலையை விசாரிப்பார், வேறு கடையிலும் கேட்டு வருவார். அவரே கடன் வாங்கப் புகுங்கால், “பணம் எப்பொழுது கிடைக்கும்?” என்பதைக் கேட்பாரேயன்றி, “அதன் விலை யாது?” என்று கேட்பதில்லை. பணத்திற்கும் விலை உண்டு. வட்டி என்பது அவ்விலையே. அவ்விலையைக் கடன் கொடுப்பவர் சொல்லும் கணக்கால் அல்லாமல், கடன் வாங்குபவர் தம் சொந்தக் கணக்கால் அறியும் வழியை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. மூன்று கேள்விகள்

எவ்வகைக் கடனாயினும் முதலில் மூன்று தொகைகளைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒன்று, உண்மையில் கைக்கு வரும் பணம். இரண்டு, கடைசித் தவணை வரையில் திருப்பிக் கட்டும் மொத்தம். மூன்று, அப்பணம் சராசரியாக எவ்வளவு, எத்தனை நாள் நம்மிடம் தங்கியிருக்கும் என்பது. பத்திரத்தில் எழுதிய தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு என்பதை மறத்தலாகாது.

2. தண்டல் கணக்கு

திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகப் பூ, கற்பூரம், இளநீர், சிற்றுண்டி விற்போர் பலர். பௌர்ணமிக்கும் கார்த்திகைத் தீபத்திற்கும் சரக்குப் பிடிக்கக் கைம்முதல் வேண்டும். இத்தகைய சிறு வியாபாரிகளைத் தேடி வருவது தண்டல் கடனாகும். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாய் கையில் கொடுப்பர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, நூற்றுக்குப் பதினைந்துதானே” என்று வாங்குபவர் எண்ணுவார்.

உண்மை அதுவன்று. 8,500 ரூபாயும் நூறு நாள் முழுவதும் அவரிடம் தங்குவதில்லை. நாள்தோறும் 100 ரூபாய் திரும்பிச் சென்றுகொண்டே இருப்பதால், சராசரியாக அவரிடம் நிற்பது சுமார் 4,500 ரூபாயே. அதனை 100 நாள் வைத்திருந்ததற்கு 1,500 ரூபாய் கொடுத்தால், நூற்றுக்கு 33 ஆகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 120 ஆகும். மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய், அதாவது “பத்து வட்டி” என்பதும் இதுவே. பத்து வட்டி என்ற சொல்லைக் கேட்டால் அஞ்சி விலகுபவர், அதே விலையுள்ள தண்டலை நாள்தோறும் புன்முறுவலுடன் கட்டுகின்றார். தொகை சிறு துண்டுகளாக வருவதால் அதன் பாரம் தெரிவதில்லை.

கந்து வட்டித் தடைச் சட்டம் என வழங்கும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றுடன் தண்டலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவ்வழிகளில் மிகை வட்டி வாங்குவதைக் குற்றமாக்கியுள்ளது. அதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வீட்டு வாயிலில் நின்று மிரட்டப்படுவோர் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் முறையிடலாம்.

3. தவணைக் கணக்கு

இரு சக்கர வண்டிக்கோ, கிணற்று மோட்டாருக்கோ தவணையில் கடன் வாங்குவோர் கவனிக்க வேண்டியது மற்றொன்று. 60,000 ரூபாய்க்கு ஆண்டு 12 வீதம், இரண்டாண்டு என்பர். வட்டி 14,400, மொத்தம் 74,400, மாதத் தவணை 3,100 என்று கணக்கு முடியும். இங்கும் அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதல் நாள் அசலுக்கே கடைசி வரையில் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21½ வீதமாகும். ஆதலின் “12 வீதம்” என்று ஒருவரும் “18 வீதம்” என்று மற்றொருவரும் சொன்னால், முதல்வரே மலிவு என்று முடிவு செய்தல் கூடாது. “முழு அசலுக்கா, குறையும் அசலுக்கா?” என்று கேட்டல் வேண்டும்.

இக்கணக்கை ஒவ்வொருவரும் போட்டுப் பார்ப்பது எளிதன்று. இதனைக் கருதியே ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குத் தவணைக் கடன் கொடுக்குமுன், வட்டியும் பிற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு மொத்த வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை அவருக்குப் புரியும் மொழியில் தருதல் வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் சம்மதமின்றிப் பின்னர் வசூலித்தல் ஆகாது. கையொப்பமிடுமுன் அத்தாளைக் கேட்டு வாங்கி, வீட்டிலுள்ள படித்த பிள்ளையைக் கொண்டேனும் வாசித்தறிக.

4. நகைக் கடன்

நம் இல்லங்களில் அவசரத்திற்கு உதவுவது நகையே. அடகுக் கடையில் “இரண்டு வட்டி” என்றால் ஆண்டுக்கு 24 வீதம் என்பதை நினைவிற் கொள்க. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வட்டி இதனினும் பெரிதும் குறைவு. எங்கு வைப்பினும் எடை, மாற்று, கடன் தொகை, மீட்கும் நாள் ஆகிய நான்கும் ரசீதில் இருத்தல் அவசியம். கடன் முழுதும் தீர்ந்த பின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தருதல் வேண்டும் என்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தருதல் வேண்டும் என்றும் 2025 ஜூனில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது.

5. மலிவான பணம் இருக்குமிடம்

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கென முதற் சட்டம் 1904-இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகளின் சங்கம் ஒன்று பதிவு பெற்றது. அந்நாளில் ஐக்கிய நாணய சங்கம் என வழங்கிய அதுவே இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமாக விளங்குகிறது. பயிர்க்கடனைக் குறித்த தவணைக்குள் கட்டுவோருக்கு வட்டியே இல்லை. அவ்வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. தவணை தவறினால் இச்சலுகை போய்விடும். ஆதலின் தவணை நாளைச் சுவரில் எழுதி வைப்பது நன்று.

தெரு வியாபாரிகளுக்கெனப் பிரதம மந்திரி சுவநிதித் திட்டம் 2020 ஜூனில் தொடங்கிற்று. 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்டபடி, ஈடின்றி முதலில் 15,000, ஒழுங்காகக் கட்டினால் பிறகு 25,000, அதன்பின் 50,000 ரூபாய் வரை பெறலாம். மாநகராட்சி தரும் வியாபாரிச் சான்று இதற்கு வேண்டும். 15,000 ரூபாயை ஆண்டு 12 வீதத்தில் பன்னிரண்டு மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், வட்டி முழுவதும் 1,000 ரூபாய்க்குள் அடங்கும். தவணை தவறாதவருக்கு அதிலும் ஒரு பகுதி மானியமாகத் திரும்பும். தண்டலிலோ, 8,500 ரூபாயை ஆண்டில் மூன்று முறை சுழற்றினாலே 4,500 ரூபாய் போய்விடுகிறது. அந்த 3,500 ரூபாய் வித்தியாசம், பூக்காரியின் வீட்டில் ஒரு பிள்ளையின் புத்தகமும் துணியுமாகும்.

6. வருவாய் நின்றாலும் வட்டி நில்லாது

2020 மார்ச்சு முதல் சுமார் இரண்டாண்டுக் காலம் கொள்ளை நோய் காரணமாகப் பௌர்ணமிக் கிரிவலம் தடை செய்யப்பட்டிருந்தது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெருமழையில் அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து எழுவர் மாண்டனர். சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணை பெருக்கெடுத்தது. இத்தகைய காலங்களில் கடை திறப்பதில்லை; பயிரும் வீடு சேர்வதில்லை; கடன் மட்டும் வளர்கிறது. ஆதலின் நல்ல மாதத்தின் வருவாயை அளவுகோலாகக் கொண்டு கடன் வாங்குதல் தகாது; மெலிந்த மாதத்தின் வருவாயில் எத்தவணை கட்ட இயலுமோ அதுவே நம் அளவு.

இன்ஷூரன்ஸையும் அலட்சியம் செய்தல் கூடாது. வங்கிச் சேமிப்புக் கணக்கு உள்ளவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்து மரணத்திற்கு 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு பெறலாம். வயது 18 முதல் 70 வரை. 18 முதல் 50 வயதுக்குள் சேருவோர் 436 ரூபாயில் எவ்வகை மரணத்திற்கும் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு பெறலாம். ஆயினும் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாட்களில் விபத்து மரணத்திற்கு மட்டுமே தொகை உண்டு. இரண்டும் ஜூன் முதல் மே வரையிலான ஆண்டுக்கு உரியவை. மே மாத இறுதியில் கணக்கில் 456 ரூபாய் இல்லையெனில் காப்பீடு அற்றுவிடும். நியமனதாரர் பெயரைச் சரியாகப் பதிந்து, அவருக்கும் செய்தியைச் சொல்லி வைத்தல் வேண்டும். தெரியாத காப்பீடு கோரப்படாமலே போகும். நெல் போன்ற உணவுப் பயிருக்குக் காரீபில் காப்பீட்டுத் தொகையின் 2 வீதமும், ராபியில் 1½ வீதமும் விவசாயியின் பங்கு. கடைசி நாளுக்கு முன் பதிதல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எழுதிய தொகையை அன்று, கைக்கு வந்த தொகையையே கடனாகக் கொள்க.
2. மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வட்டியாக்கி ஒப்பிடுக.
3. முழு அசலா, குறையும் அசலா என்று கேளாமல் கையொப்பமிடற்க. எழுதாத தாளில் ஒருபொழுதும் கையொப்பமிடற்க.
4. கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது பெறுக.
5. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ குறை இருப்பின் முதலில் அங்கேயே எழுத்து மூலம் முறையிடுக. 30 நாளில் தீர்வு வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுக. விவரம் அறிய 14448 என்ற எண் உண்டு.

சங்கக் காரியதரிசிகளும் மகளிர் குழுத் தலைவிகளும் இவ்வைந்தையும் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டி, உறுப்பினர் ஒருவரது கடனையே எடுத்து அவர் சம்மதத்துடன் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டுவார்களாயின், இப்பாடம் முழுப் பயனையும் தரும்.