பருத்தி எடுப்புக்கு ஆட்களைத் திட்டஞ் செய்தல்

பெரம்பலூர் ஜில்லா வேப்பந்தட்டைத் தாலூகாவின் கரிசல் பூமியில், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டியே விதைக்கப்படுகின்றன. ஆகவே களையெடுப்பும் அறுவடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. தை மாதத்தில் நிலச்சொந்தக்காரர் யாவரும் ஒரே கூட்டம் ஆட்களைத் தேடி அலைவதும், சித்திரை வைகாசியில் அவ்வாட்களே வேலையின்றியிருப்பதும் இதனாலேயாம்.

இவ்விரு பயிர்களில் பருத்தி காத்திராது. வெடித்த காய் பல நாள் செடியிலேயே நின்றால் பனியாலும் புழுதியாலும் கறைபட்டுக் கொட்டுப் பருத்தியாகிவிடும். முற்றிக் காய்ந்த மக்காச்சோளக் கதிரோ, மழையில்லாவிடில், சில நாள் தட்டையிலேயே நிற்கலாம். எனவே ஆட்கணக்கைப் பருத்தியிலிருந்தே தொடங்கவேண்டும்.

ஒருவர் 5 ஏக்கரில் ஏக்கருக்கு 6 குவிண்டால் எதிர்பார்க்கிறார் என்று கொள்வோம். மொத்தம் 3,000 கிலோ. ஓராள் ஒரு காலைவேளையில் 15 கிலோ எடுப்பதானால் 200 வேளைகள் தேவை. ஆயின் இவை எல்லா எடுப்புகளுக்கும் சமமாகப் பங்கிடத்தக்கவை அல்ல. இரண்டாம் எடுப்பிலேயே பாதிப் பருத்தி வெடிக்குமாயின், அதை 7 நாளில் முடிக்க நாள்தோறும் 15 பேர் வேண்டும். கடைசி எடுப்பில் 300 கிலோவே இருக்குமாயின் மூவர் போதும். எப்பொழுதும் 15 பேரை வைப்பவர் கூலியை இழப்பார். ஐவரை மட்டும் வைப்பவருக்கு இரண்டாம் எடுப்பே 20 நாள் நீளும். பொங்கலையொட்டிய நாட்களில் ஆள் கிடைப்பதரிது என்பதையும் முன்னரே கணக்கில் கழித்துவிடல் நலம்.

காலைவேளை என்று குறித்ததற்குக் காரணமுண்டு. பத்து, பதினோரு மணிக்குள் ஈரப்பதம் இருக்கையில் எடுத்தால், இலைச்சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது, விலையுங் குறையாது. வெயிலேறியபின் அதே ஆட்களைக் கதிர் ஒடிக்க அனுப்பலாம். பனி நீங்கிய கதிரை ஒடிப்பதே நன்று. சிலரைக் கொட்டுப் பருத்தி பிரிக்க நிழலில் அமர்த்தலாம். எடைக்குக் கூலி தரும் வழக்கமுள்ள இடங்களில், சருகோடு சேர்த்துப் பறிப்பதை மேற்பார்ப்பவர் கவனியாவிட்டால் இம்முறையால் பயனில்லை.

2018-ஆம் வருஷத்தில் மக்காச்சோளத்தில் படைப்புழு தோன்றியது முதல் இளம்பயிர்க் காலத்திலும் ஆட்செலவு கூடியது. குருத்துக்குள் மருந்து விழும்படி தெளிக்கவேண்டியிருப்பதால், களையாட்களிலிருந்தே இருவரைப் பிரிக்க நினைப்பது தவறு. தெளிப்புக்கு வேறாட்களைக் குறித்துவைக்கவேண்டும். இரு பயிர்களையும் ஒரு வாரம் முன்பின்னாக விதைத்தால் முதற் களையெடுப்பின் நெருக்கடி பாதி தணியும்.

கிராம அதிகாரிகள் ஏரி, வரத்துக்கால் வேலைகளைத் தை மாசியில் தொடங்காது, எடுப்பு ஓய்ந்தபின் வரும் கோடை மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பார்களாயின், நிலச்சொந்தக்காரருக்கு ஆளும், ஆட்களுக்குக் கோடையில் கூலியும் கிடைக்கும்.