முட்டையில்லா மயோனைஸ்: மளிகைக் கடையினர் அறிய வேண்டியவை

திருவல்லிக்கேணி மேன்ஷன்களைச் சுற்றியுள்ள கடைகளில் மயோனைஸ் இன்று சாதாரணமாகிவிட்டது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வேகவைக்காததால் அது சாவதில்லை.

வீட்டில் செய்ய வழி கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் பால் முறையைச் சொல்லலாம். காய்ச்சிக் குளிரவைத்த பால் அரை கப், கடுகுத்தூள் அரை தேக்கரண்டி, உப்பு, மிளகு ஆகியவற்றை மிக்ஸியில் ஓடவிட்டு, ஒரு கப் சூரியகாந்தி எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். எண்ணெய் பிரியாமல் பிடித்து வைப்பது பாலிலுள்ள புரதம். கடைசியில் இரண்டு தேக்கரண்டி வினிகர் சேர்த்தால் கெட்டிப்படும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

நாம் விற்கும் பாட்டிலில் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். முட்டையில்லாததற்குப் பச்சை வட்டமும் உண்டு. லேபிள் இல்லாத டப்பாக்களை வாங்கி விற்க வேண்டாம். காலாவதியான சரக்கை விற்றாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி விற்றவரே பொறுப்பு. எனவே கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துவோம்.