நலச் செலவும் நம் அங்கத்தினரின் வாக்கும்

ஜனநாயக நாட்டில் பொக்கிஷத்தின் திறவுகோல் மக்கள் பிரதிநிதிகளின் கையில் இருக்கின்றது என்பது அரசியல் நூல் பயிலும் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் பாடம். சட்டத்தின் அனுமதியின்றி அரசாங்க நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 266ஆம் பிரிவு கூறுகின்றது. அப்படியானால், முதியோர் உதவித்தொகைக்கும் ரேஷன் அரிசிக்கும் நம் தொகுதி அங்கத்தினர் எப்படி வாக்களித்தார் என்று எவரேனும் கேட்டால் விடை கிடைக்க வேண்டும் அன்றோ? பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏன் கிடைப்பதில்லை, அவ்விடையை வேறு எங்கே தேடுவது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஊர் ஆண்டர்சன்பேட்டை. கோலார் தங்கவயலின் ஒரு பகுதி அது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிப் பொன் எடுத்த பூமி. 1880இல் தொடங்கிய ஜான் டெய்லர் கம்பெனியின் ஆட்சி, 1956இல் மைசூர் அரசாங்கம் சட்டமியற்றிச் சுரங்கங்களை எடுத்துக்கொண்டதோடு முடிந்தது. 1962இல் அவை மத்திய அரசாங்கத்திடம் சென்றன. 28-2-2001 அன்று மூடப்பட்டன. இன்று இளைஞர் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்து ரயிலில் பெங்களூருக்குச் சென்று உழைத்து, இருட்டியபின் திரும்புகின்றனர். வீட்டிலிருக்கும் முதியவருள் பாறைத் தூசு நுரையீரலில் படிந்து மூச்சு வாங்குவோர் உண்டு. இத்தகைய ஊரில் நலச் செலவு என்பது பரீட்சைக்குப் படிக்கும் தலைப்பன்று. மாதம் பிறந்தால் பாங்கிக் கணக்கில் பணம் விழுந்ததா என்ற கேள்வியாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுரங்கங்களை எடுத்துக்கொள்ள 1956இல் சட்டசபையின் சட்டம் வேண்டியிருந்தது. 2001இல் மூடுவதற்கோ தனிச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. தொழிற் சட்டத்தின் கீழ் மத்திய அரசாங்கம் தந்த அனுமதியே போதுமானதாயிற்று. ஆகவே தங்கவயல் மக்களின் வாழ்வை மாற்றிய அப்பெரும் முடிவில் எந்த அங்கத்தினரின் வாக்கும் பதிவாகவில்லை.

பிற நாட்டு நிலையைச் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் முக்கியமான மசோதாக்களின்மேல் அங்கத்தினர் இரு கூடங்களாகப் பிரிந்து நடந்து சென்று வாக்களிக்கின்றனர். யார் எப்பக்கம் சென்றார் என்பது பெயர் பெயராக அச்சாகின்றது. 1-7-2025 அன்று நோயாளிகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் உரிய உதவித்தொகையைத் திருத்தும் மசோதா 335க்கு 260 என்ற கணக்கில் இரண்டாம் வாசிப்பில் தேறியது. ஆளும் தொழிற்கட்சியைச் சேர்ந்த 49 பேர் தம் அரசாங்கத்தையே எதிர்த்து வாக்களித்தனர். அந்த 49 பேர் யாவர் என்பதை அவ்வூர்ப் பள்ளி மாணவனும் அறிந்துகொள்ளலாம். அங்கே ஒருவரது வாக்குகளைத் தொகுத்து, இவர் நலச் செலவைக் குறைக்க விரும்புபவர், இவர் கூட்ட விரும்புபவர் என்று கூறிவிடுவதும் எளிது.

நம் சபைகளில் நடப்பது வேறு. சபாநாயகர் பிரேரணையைப் படித்து, சம்மதிப்போர் ‘ஆம்’ எனவும் மறுப்போர் ‘இல்லை’ எனவும் கூறக் கேட்டு, எந்த ஒலி பெரிதென்று தம் செவியால் தீர்மானிக்கின்றார். இதுவே குரல் வாக்கு. யாரேனும் டிவிஷன் கேட்டால்தான் பெயர்வாரியாக எண்ண வேண்டும். லோக் சபையில் இதற்கென 1957 முதலே மின்சாரப் பொறி இருக்கின்றது. ஆனால் டிவிஷன் தேவையற்றது என்று சபாநாயகர் கருதினால், அங்கத்தினரை எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடித்துவிடவும் விதி இடந்தருகின்றது. அப்போது எண்ணிக்கை கிடைக்கும், பெயர் கிடைக்காது. அரசியலமைப்பைத் திருத்தும் மசோதாவுக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். ஆகவே அதற்கு எண்ணியே ஆக வேண்டும். நலச் செலவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிராம மக்களுக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலைக்கு உறுதியளித்த மசோதா லோக் சபையில் குரல் வாக்கில் நிறைவேறிற்று. 2025 டிசம்பரில் அதை நீக்கி வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்த மசோதாவும், எதிர்க்கட்சியினரின் பெருங்கூச்சலுக்கிடையே, குரல் வாக்கிலேயே நிறைவேறிற்று. கோடிக்கணக்கான ஏழைகளின் கூலியைத் தொட்ட இரு நாள்களிலும், மசோதா நிறைவேறியபோது யார் எப்பக்கம் நின்றார் என்று பெயர்வாரியாகக் காட்டும் பட்டியல் கிடையாது.

இனி வரவு செலவுத் திட்டத்திற்கு வருவோம். இதில்தான் மாணவர் பெரிதும் மயங்குகின்றனர். மானியக் கோரிக்கையை அரசாங்கமே கொண்டுவர வேண்டும், அதற்குக் கவர்னரின் சிபாரிசும் வேண்டும். சபையார் அக்கோரிக்கைக்கு இசையலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைக்கலாம். 203ஆம் பிரிவு சபைக்குத் தந்துள்ள அதிகாரம் அவ்வளவே. கூட்ட இயலாது! முதியோர் உதவித்தொகையை இருமடங்காக்க வேண்டும் என்று ஓர் அங்கத்தினர் உள்ளம் உருக நினைத்தாலும் அதற்காக அவர் வாக்களிக்க வழியே இல்லை. அவர் செய்யக்கூடியது வெட்டுத் தீர்மானம் ஒன்று கொடுப்பதுதான். கொள்கையையே மறுப்பவர் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கும்படி கேட்பார். சிக்கனம் வேண்டுபவர் குறிப்பிட்ட தொகையை வெட்டக் கேட்பார். ஒரு குறையை எடுத்துரைக்க விரும்புபவர் 100 ரூபாய் மட்டும் குறைக்கக் கேட்பார்.

இதன் விசித்திரத்தைப் பாருங்கள். விதவைகளுக்குப் பணம் காலத்தில் சேரவில்லை என்று முறையிட விரும்பும் அங்கத்தினர், விதவைகளுக்கான துறையின் செலவில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கின்றார்! இங்கிலாந்து முறையில் பட்டியல் போடப் புகுந்த மாணவன் இவரை ‘நலச் செலவைக் குறைக்க வாக்களித்தவர்’ என்று எழுதிவிடுவான். தொகையைக் குறைக்காமல் மேசையைத் தட்டி ‘ஆம்’ என்றவர் ஏழைப் பங்காளர் ஆகிவிடுவார். நம் நாட்டில் எண்ணை மட்டும் நம்பினால் பொருள் தலைகீழாகிவிடும்.

அந்த வெட்டுத் தீர்மானத்துக்கும் எப்போதும் நேரம் கிடைப்பதில்லை. குறித்த நாள் வந்ததும் எஞ்சிய கோரிக்கைகளை எல்லாம் விவாதமின்றி ஒருசேர வாக்குக்கு விடுவர். இதற்குக் கில்லட்டின் என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய கருவியின் பெயரையே இதற்கு இட்டவர் நகைச்சுவை உள்ளவராதல் வேண்டும். 2018 மார்ச்சில் லோக் சபையில் எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் இவ்வாறே விவாதமின்றித் தேறின.

டிவிஷன் நடந்தாலும் அவ்வாக்கு அங்கத்தினரின் சொந்த வாக்குத்தானா என்ற ஐயமும் எழுகின்றது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி 15 நாளுக்குள் பொறுத்தருளாவிடில் பதவி போய்விடலாம். இங்கிலாந்தில் 2024 ஜூலையில், இரண்டு குழந்தைகளுக்குமேல் உதவித்தொகை இல்லை என்ற விதியை நீக்கக் கோரிய திருத்தத்தை ஆதரித்த தொழிற்கட்சியினர் எழுவரைக் கட்சி விலக்கி வைத்தது. ஆயினும் அவர்கள் தொகுதிக்கு அங்கத்தினராகவே நீடித்தனர். இங்கே கொறடாவை மீறுவது பதவியைப் பணயம் வைப்பதாகும். ஆகவே நம் சபையின் டிவிஷன் பட்டியல் பெரும்பாலும் கட்சியின் மனத்தைக் காட்டுமேயன்றி, அங்கத்தினரின் மனத்தைக் காட்டாது.

கர்நாடகத்தின் அண்மைய அனுபவம் இன்னொன்றையும் காட்டுகின்றது. 2023இல் பதவியேற்ற காங்கிரஸ் அரசாங்கத்தின் ஐந்து உறுதித் திட்டங்களை ஆண்டர்சன்பேட்டைப் பெண்கள் நன்கறிவர். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணம் 11-6-2023 அன்று தொடங்கிற்று. ஐந்து திட்டங்களுக்கும் ஆண்டுக்குச் சுமார் 52,000 கோடி ரூபாய் ஆகும் என்று கூறிய வரவு செலவுத் திட்டமோ 7-7-2023 அன்றுதான் சபைக்கு வந்தது. பஸ் முந்திக்கொண்டது. பத்துக் கிலோ அரிசித் திட்டத்தில், மத்திய அரசாங்கம் தன் கையிருப்பை மாநிலங்களுக்கு விற்பதை நிறுத்தியபோது, கூடுதல் ஐந்து கிலோவுக்கு ஈடாகத் தலைக்கு 170 ரூபாய் கொடுத்தனர். பின்னர் 2025இல் மீண்டும் அரிசியாக்கினர். அரிசியைப் பணமாக்கியதும் பணத்தை அரிசியாக்கியதும் அரசாங்கத்தின் உத்தரவுகளே.

அந்த உணவுத் துறைக்கு 2023இல் அமைச்சராக வந்தவர் கே.எச். முனியப்பா. 1991 முதல் 2014 வரை ஏழு பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து கோலாரிலிருந்து லோக் சபைக்குச் சென்றவர். அவரைப் போன்ற நீண்டகால அங்கத்தினர் ஒருவரின் பணியை ஆராய்பவர் மற்றொரு தடையையும் உணர்வார். 2004 முதல் 2014 வரை அவர் மத்தியில் இணை அமைச்சர். அமைச்சர் சபையில் கேள்வி கேட்பதில்லை, விடை கூறுபவரே அவர். அந்தப் பத்தாண்டுகளில் தொகுதிக்காக அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதைக் கேள்விப் பதிவேட்டில் காண முடியாது. துறைக் கோப்புகளில்தான் தேட வேண்டும்.

வாக்கு பேசாதபோது எதைப் படிப்பது? நான் முதலிடம் தருவது கேள்விகளுக்கே. கேள்விக்குக் கொறடா இல்லை. ஓர் அங்கத்தினர் எத்தனை உதவித்தொகை மனுக்கள் நிலுவையில் உள்ளன என்று கேட்டாரா, சாலையையும் பாலத்தையும் மட்டும் கேட்டாரா என்று பார்த்தாலே அவர் மனம் புலப்படும். அடுத்து வெட்டுத் தீர்மானங்கள். அவற்றில் ரூபாயை விட்டுவிட்டு அடியில் எழுதிய காரணத்தைப் படிக்க வேண்டும். மூன்றாவதாக, டிவிஷன் வேண்டும் என்று எழுந்தவர் யார் என்பது. தோற்பது உறுதி என்று தெரிந்தும் பெயர்களைப் பதியச் செய்தவர், வருங்கால மாணவனுக்கு உதவி செய்தவர்.

கம்யூனிஸ்ட் கட்சியின் எம்.சி. நரசிம்மன், இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் போன்றோர் தங்கவயலிலிருந்து சட்டசபைக்குச் சென்றவர்கள். 1985க்கு முந்திய சபையில் கட்சிக் கட்டளையை மீறினாலும் பதவி போகாது. ஆதலின் அக்கால நடவடிக்கைக் குறிப்புகளையும் பிற்காலத்தவற்றையும் ஒப்பிட்டு ஆராய்வது நல்லதோர் ஆராய்ச்சிப் பொருளாகும். நம்மவருள் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவர், படிக்கத் தயங்குவர். விவாதங்களோ பெரும்பாலும் கன்னடத்திலேயே உள்ளன. இவ்வாராய்ச்சியில் இறங்குபவர் அந்த எழுத்தைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். சபையின் மொழிகளில் தம் கருத்தைச் செவ்வனே சொல்ல இயலாத அங்கத்தினர், சபாநாயகரின் அனுமதி பெற்றுத் தாய்மொழியில் பேசலாம் என்று 210ஆம் பிரிவு கூறுகின்றது. தங்கவயல் அங்கத்தினர் எவரேனும் அவ்வாறு அனுமதி கேட்டு, முதியோர் உதவித்தொகையைப் பற்றித் தமிழில் பேசியதுண்டா என்பதும் அக்குறிப்புகளில் தேட வேண்டியதே.