பசிப்பிணி போக்கும் வங்கி

பணத்தைச் சேமிக்க வங்கி இருப்பதுபோல் உணவுக்கும் வங்கி உண்டு. உலகின் முதல் உணவு வங்கியை 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் நிறுவினார். கடைகள் எறிந்த நல்ல உணவைக் குப்பையிலிருந்து எடுத்துக் குழந்தைகளைக் காத்த ஒரு தாயின் சொல்லே அதற்கு வித்து. புனித மேரி ஆலயம் பழைய கட்டடம் ஒன்றையும் 3,000 டாலரையும் அளித்தது.

கடைகளிலும் பண்ணைகளிலும் விற்காது மிஞ்சும் நல்ல உணவை வங்கி பெறுகிறது. தரம் பார்த்துப் பிரித்து, வட்டாரத் தொண்டு நிலையங்கள் வழியே வறியோர் இல்லங்களுக்குச் சேர்ப்பிக்கிறது. கொடுத்தவரைப் பெற்றவர் அறியார். பெற்றவரைக் கொடுத்தவர் அறியார். ஆதலால் கொடுப்பவரிடம் செருக்கு வளர்வதில்லை. பெறுபவரின் மானமும் காக்கப்படுகிறது.

நம் இல்லத்தில் மிஞ்சும் உணவு கெடுமுன் ஒருவர் பசிக்கு உதவுமா? இதை நாள்தோறும் எண்ணிச் செயல்படுவதே சிறந்த சாதனையாகும்.