நம்பிக்கைகளும் உண்மைகளும்: திண்டுக்கல் பூட்டுக்குள் ஒரு கணக்கு

திண்டுக்கல் பூட்டுக் கடைகளில் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே முடிவெடுப்பவர்கள் நிறைய. "நல்ல கனமா இருக்கு, இதையே குடுங்க" என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "எத்தனை லீவர்?" என்று கேட்பார்கள். கனத்தைப் பற்றிய நம்பிக்கையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடையில் பெரும்பகுதி பூட்டின் உடம்பில் இருக்கிறது. திருடன் கை வைப்பதோ வளையத்தில். வளையம் எந்த இரும்பு, எப்படிப் பதம் ஏற்றியது என்பதுதான் கேள்வி. "எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது" என்பதும் தவறு. முழுக்கக் கடினமாக்கிய இரும்பு ரம்பத்துக்கு அசையாது, ஆனால் சுத்தியல் அடியில் பட்டென்று உடையும். மேல்தோல் கடினமாகவும் உள்ளே இளக்கமாகவும் இருந்தால்தான் இரண்டையும் தாங்கும்.

லீவர் கணக்குக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். பூட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடுகள் அடுக்கியிருக்கும். அவைதான் லீவர். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. பூட்டின் நாக்கில் ஒரு முளை நிற்கும். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு பல்லும் தன் லீவரைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்குகிறது. எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டுக்கு வந்தால் முளை உள்ளே நுழையும், நாக்கு நகரும். ஒரு லீவர் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடத் தூக்கினாலும் திறக்காது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்றது இந்த இரட்டைக் கட்டுப்பாட்டுக்குத்தான்.

6 லீவர், ஒவ்வொன்றுக்கும் 4 உயரம் என்றால் 4,096 விதமான சாவிகள் கிடைக்கும். "இத்தனை ஆயிரம் பூட்டில் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது" என்ற நம்பிக்கை இந்தப் பெருக்கலிலிருந்து வருகிறது. ஆனால் பெருக்கலோடு வடிவமைப்பு முடிவதில்லை. ஓர் உயரத்துக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். சாவிப் பல்லில் 0.1, லீவர் வெட்டில் 0.1 மி.மீ. பிசகு வரலாம். அப்படியானால் முளைக்கு இருபுறமும் குறைந்தது 0.2 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் சொந்தச் சாவியே திறக்காது. அந்த இடைவெளி 0.3-ஐ எட்டினால் பக்கத்து உயரத்துச் சாவியும் சில சமயம் திறந்துவிடும். ஆக, வேலை செய்ய வேண்டிய இடம் 0.2-க்கும் 0.3-க்கும் நடுவில்தான். பிசகு 0.15 ஆகிவிட்டாலோ அந்த இடமே இல்லாமல் போகிறது. உயர வித்தியாசத்தை 0.75 ஆக்கித்தான் தப்பிக்க முடியும். லீவர் தூக்கும் தூரம் கூடாததால் 4 உயரம் 3 ஆகிவிடும். 4,096 என்பது 729 ஆகச் சுருங்கும். எல்லாப் பல்லும் ஒரே உயரமாக இருக்கும் சாவிகளைத் தள்ளினால் இன்னும் 3 குறையும். லீவர் எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குவது ஏன் போதாது என்பது இதில் தெரியும். தளர்வாகப் பொருந்திய 8 லீவரைவிட இறுக்கம் தவறாத 6 லீவர் மேல்.

"கையால் அரம் போட்ட பூட்டில் துல்லியம் இருக்காது" என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எந்தச் சாவியும் எந்த லீவரோடும் சேர வேண்டும் என்று தனித்தனியாக வார்த்தெடுத்தால் இரண்டின் பிசகும் கூடிக்கொள்ளும். ஒரே சாவியை உள்ளே போட்டுப் பார்த்துப் பார்த்து லீவரை அரத்தால் ராவிப் பொருத்தினால் சாவியின் பிசகு அங்கேயே சரிக்கட்டப்படுகிறது. கைவேலையின் பலம் இது, இதை நாம் போதுமான அளவு மதிக்கவில்லை என்பது என் வருத்தம். ஆனால் தேய்ந்த சாவியைக் கொடுத்துத் தெருவோரத்தில் நகல் எடுத்தால் அந்தப் பலன் போய்விடும். நகல் எடுக்க, பத்திரமாக வைத்த இரண்டாவது சாவியைக் கொடுங்கள்.

"வெயிலில் இரும்பு விரிந்து பூட்டு இறுகிப்போச்சு" என்று சித்திரையில் சொல்வார்கள். கணக்குப் போடுவோம். 50 மி.மீ. பித்தளை, 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.03 மி.மீ. நீளும், அதே அளவு இரும்பு 0.02-க்குச் சற்றுக் குறைவாக. இரண்டுக்கும் வித்தியாசம் 0.01 மி.மீ., ஒரு தாளின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு. அது பூட்டை இறுக்காது. இறுக்குவது புழுதியும் துருவும்தான். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி நாதாங்கி இழுத்துக்கொள்ளும். அந்த இழுவிசை வளையம் வழியாக நாக்கை நெரிக்கும். கதவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துச் சாவியைத் திருப்பினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது அடுத்த பழக்கம். அன்றைக்குச் சுலபமாகத் திரும்பும், உண்மை. ஆனால் எண்ணெய் புழுதியைப் பிடித்து லீவருக்கு நடுவே பசையாக்கிவிடும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையவும் செய்யும். மார்கழி இரவுகளில் நம்மூரிலேயே அந்தக் குளிர் உண்டு. கிராஃபைட் தூள் போதும். எண்ணெயோடு மட்டும் கலக்காதீர்கள்.

உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாதவரை பூட்டு பத்திரம் என்பது 1851இலேயே, லண்டன் கண்காட்சியின்போது பொய்யாகிவிட்டது. தவறான சாவி போட்டால் தானே சிக்கிக்கொள்ளும், 'சப்' என்ற ஆங்கில நிறுவனத்தின் பூட்டை, அமெரிக்கப் பூட்டு வல்லுநரான ஹாப்ஸ் சாட்சிகள் முன்னிலையில் அரை மணி நேரத்துக்குள் திறந்தார். எந்த லீவர் அளவுக்கு மீறி உயர்ந்தது என்பதை அந்தச் சிக்கும் பொறியே அவருக்குக் காட்டிக்கொடுத்தது. ரகசியம் சாவியில் இருக்க வேண்டும். பொறியமைப்பு ஊருக்கே தெரிந்தாலும் பூட்டு நிற்க வேண்டும்.

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காப்பாற்றுகிறது. உங்கள் கையில் உள்ள பூட்டின் வலிமையைச் சோதித்துச் சொல்வதில்லை. தொங்கு பூட்டுகளின் தரத்துக்கு ஐ.எஸ். 275 என்று தனி இந்தியத் தரநிலை இருக்கிறது.

கடைசியாக நாதாங்கியைப் பாருங்கள். எவ்வளவு நல்ல பூட்டானாலும் அது மரத்தில் அரை அங்குல ஸ்குரூவில் நின்றால் ஒரு கடப்பாரை போதும். கதவை ஊடுருவி மறுபக்கம் நட்டு போட்ட போல்ட்டாக மாற்றுங்கள். பூட்டியபின் போல்ட்டின் தலை வெளியே தெரியாதபடி நாதாங்கியின் தகடு அதை மூடியிருக்க வேண்டும்.