ஒரு கிண்ணச் சோறு

நுழையும்முன்

கறுப்பு வெள்ளைத் திரைப்படம். ஏறத்தாழ மூன்றரை மணிநேரம் ஓடுவது. நாம் அறியாத மொழி. இத்தகைய படத்தை இன்றைய மாணவர் ஏன் காணவேண்டும்? இப்பாடத்தைப் படித்து விடை காண்போம்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ஏழு சாமுராய்கள்' 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. சாமுராய் என்போர் பழைய ஜப்பானின் போர்வீரர்கள். கதை நிகழும் பதினாறாம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்கள் மலிந்திருந்தன. தலைவனை இழந்த சாமுராய்கள் பலர் வாழ வழியின்றி அலைந்தனர்.

மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றைக் கொள்ளையர் நாற்பதுபேர் சூறையாட எண்ணுகின்றனர். வாற்கோதுமை விளைந்ததும் வருவதாகத் திட்டமிடுகின்றனர். ஊரார் அதை அறிந்து, வீரர்களை அமர்த்தி எதிர்க்க முடிவு செய்கின்றனர். ஆனால், கூலியாகக் கொடுக்க அவர்களிடம் பொன் இல்லை. சோறு மட்டுமே உண்டு.

வீரர்களைத் தேடிச் சென்ற உழவர்கள், கம்பேய் என்னும் மூத்த சாமுராயைக் காண்கின்றனர். திருடன் ஒருவன் பிணையாகப் பிடித்துவைத்த குழந்தையை மீட்க, அவர் துறவி வேடம் பூணுகிறார். அதற்காகத் தம் குடுமியை மழித்துக்கொள்கிறார். குடுமியோ சாமுராயின் பெருமைக்கு அடையாளம். பிறர் குழந்தைக்காக அதை இழந்தவர் தமக்கும் உதவுவார் என உழவர்கள் நம்புகின்றனர்.

கம்பேய் முதலில் தயங்குகிறார். அப்போது, அதுவரை உழவர்களைக் கேலி செய்துவந்த கூலியாள் ஒருவர் சோற்றுக் கிண்ணத்தை அவர்முன் நீட்டுகிறார். வீரர்களுக்கு அரிசிச் சோறு தரும் இவ்வுழவர்கள், தாங்கள் சிறுதானியத்தையே உண்கின்றனர் என்று எடுத்துரைக்கிறார். கம்பேய் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, அச்சோற்றை வீணாக்கமாட்டேன் என வாக்களிக்கிறார். கதை முழுவதையும் தாங்கி நிற்பது இக்காட்சியே.

படம் உழவர்களை அப்பாவிகளாக மட்டும் காட்டவில்லை. தோற்றோடிய சாமுராய்களைக் கொன்று பறித்த கவசங்களை அவர்கள் ஒளித்து வைத்திருந்தது ஒருநாள் தெரியவருகிறது. வீரர்கள் சினம் கொள்கின்றனர். உழவர் குடியில் பிறந்து, சாமுராய் எனச் சொல்லித் திரியும் கிகுச்சியோ வெகுண்டெழுகிறான். உழவர்கள் வஞ்சகர்களே, ஆயினும், ஊரை எரித்தும் உணவைப் பறித்தும் அவர்களை அவ்வாறு ஆக்கியவர் யார் எனக் கேட்கிறான். கம்பேயின் கண்கள் கலங்குகின்றன.

இறுதிப்போர் கொட்டும் மழையிலும் சேற்றிலும் நடக்கிறது. பல படப்பிடிப்புக் கருவிகளை ஒரே நேரத்தில் இயக்கி அதனைப் பதிவுசெய்தார் குரோசவா. கொள்ளையர் அழிகின்றனர். எழுவரில் நால்வர் மடிகின்றனர். அந்நால்வரையும் வீழ்த்தியது துப்பாக்கிக் குண்டு.

முடிவில் ஊரார் பாடிக்கொண்டே நாற்று நடுகின்றனர். எஞ்சிய மூவரும் தோழர்களின் புதைமேட்டருகே நிற்கின்றனர். வென்றவர்கள் உழவர்களே, நாம் அல்லோம் என்கிறார் கம்பேய். அவர்களை வழியனுப்ப ஊர் திரளவில்லை. அது நன்றி மறத்தலா, பருவம் தவறாமல் பயிரிடும் கடமையா? படம் விடை கூறாமல் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

சொற்பொருள்

வாற்கோதுமை – பார்லி
மலிந்து – மிகுந்து
வஞ்சகர் – ஏமாற்றுபவர்
வெகுண்டு – சினந்து

வினாக்கள்

1. கம்பேய் தம் குடுமியை மழித்துக்கொண்டது ஏன்?
2. கிகுச்சியோவின் கேள்வி வீரர்களுக்கு உணர்த்திய உண்மை யாது?
3. ஊரார் வீரர்களை வழியனுப்பத் திரளாதது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.