குளிர் முந்துவதற்குள் குளோ பிளக்கைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் ஒக்ரோபர் பாதி கழிந்துவிட்டால் காலையில் வண்டிக் கண்ணாடியில் உறைபனி படியத் தொடங்கும். நவம்பரில் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும். பழைய டீசல் ட்ரக்கை வைத்துக்கொண்டு ஸ்னோ தள்ளும் வேலையோ கட்டட வேலையோ செய்கிறவர்கள் இந்த இரண்டு மூன்று கிழமைக்குள் குளோ பிளக்குகளைச் சோதித்துவிடுவது நல்லது. கோடை முழுவதும் அவை செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வெயிலில் என்ஜின் அவற்றின் தயவில்லாமலே ஸ்ராட் ஆகிவிடும். தெரிய வருவது மைனஸ் 12இல், விடிய நாலு மணிக்கு, யாரோ ஒருவருடைய பார்க்கிங் லொட் உங்களுக்காகக் காத்திருக்கும்போது.

இங்கே சொல்வது 1994 முதல் 2003 வரை ஃபோர்ட் எஃப்-250, எஃப்-350 ட்ரக்குகளில் வந்த 7.3 லீற்றர் பவர் ஸ்ட்ரோக் என்ஜினைப் பற்றி. ஃபோர்டுக்காக நாவிஸ்டார் செய்துகொடுத்த எட்டுச் சிலிண்டர் என்ஜின் அது. இன்றும் ரொறன்ரோவைச் சுற்றி நிறையவே ஓடுகிறது. டொட்ஜ் ராமில் பழைய 5.9 கமின்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குளோ பிளக் தேடி வால்வு மூடியைத் திறக்க வேண்டாம். அதில் அது கிடையாது. உள்ளே போகிற காற்றைச் சூடாக்கும் ஹீற்றர்தான் உண்டு.

டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லை. காற்றை 17.5 மடங்கு நெருக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். விறைத்துப்போன இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. எண்ணெயும் தடித்திருப்பதால் என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, நெருக்கிய காற்றும் கசிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் 800 டிகிரிக்கு மேல் பழுத்து நிற்கும் சின்ன முனைதான் குளோ பிளக். அது இல்லாத சிலிண்டரிலிருந்து எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும், கண்ணை எரிக்கும். ஸ்ராட் ஆன பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஆடி ஆடி ஓடி, பிறகு சமாளித்துக்கொண்டால் ஒன்றிரண்டு சிலிண்டர்கள் இன்னும் குளிரில் நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

டாஷ்போட்டில் பொறுத்திருக்கச் சொல்லும் விளக்கை நம்பாதீர்கள். பழைய டீசல் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அந்த விளக்குக்கும் பிளக் சூடாகிறதா என்பதற்கும் தொடர்பே இல்லை. என்ஜின் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்து, எவ்வளவு நேரம் கறன்ற் கொடுப்பது என்று கணினி முடிவு செய்கிறது. விளக்கு சில செக்கன்களில் அணைந்துவிடும். கடுங்குளிரில் கறன்ற் இரண்டு நிமிடம் வரைக்கும் போகும். எட்டு பிளக்கும் கருகியிருந்தாலும் விளக்கு அதே ஒழுங்கில் எரிந்து அணையும். பிளக்கின் நிலையை மீற்றர்தான் சொல்லும்.

மீற்றரை எங்கே முதலில் வைப்பது என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பலர் நேரே கடைக்குப் போய் எட்டு பிளக்கை வாங்கிவந்து ஒரு சனிக்கிழமையைச் செலவழிப்பார்கள். "எட்டையும் மாத்திப்போட்டன் அண்ணை, இன்னும் வெள்ளைப் புகைதான்" என்று கராஜுக்கு வருகிறவர்கள் இவர்கள். பழுது பெரும்பாலும் பிளக்குகளுக்குக் கறன்ற்றைத் திறந்துவிடும் ரிலேயில் இருக்கும். அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும், எதையும் கழற்றவும் தேவையில்லை.

அதற்கும் முன்னால் பற்றரி. இந்த ட்ரக்கில் இரண்டு பற்றரிகள். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ற் அளவில் காட்ட வேண்டும். ஒன்று சோர்ந்திருந்தால் மற்றதையும் அது கீழே இழுக்கும்; பிறகு நீங்கள் எடுக்கும் அளவு ஒன்றையும் நம்ப முடியாது. முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டித் துடையுங்கள். கடையில் லோட் ரெஸ்ற் செய்து பார்ப்பது இன்னும் நல்லது.

இனி ரிலே. என்ஜினின் மேலே, எரிபொருள் வடிகட்டிக்குப் பக்கத்தில், பயணி இருக்கும் பக்கமாக உருளை வடிவில் இருக்கும். 1999க்குப் பிந்திய சில வண்டிகளில் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்றும் உண்டு; அது காற்றுச் சூடாக்கிக்கு உரியது. கலிபோர்னிய விதிக்காகச் செய்த வண்டிகளில் ரிலேக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பெட்டி இருக்கும், அதைச் சோதிக்கும் முறை வேறு. ரிலேயின் இரண்டு பெரிய முனைகளில் ஒன்றுக்குப் பற்றரியிலிருந்து எப்போதும் கறன்ற் வந்துகொண்டே இருக்கும். திறப்பு வெளியே இருந்தாலும் வரும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், ஸ்பானரை அங்கே சாய்த்து வைக்காதீர்கள்.

என்ஜின் ஆறியிருக்கும் காலையில், துணைக்கு ஒருவர் திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்பட்டும். ஸ்ராட் செய்ய வேண்டாம். எண்ணெய் 55 டிகிரி அளவுக்குச் சூடாக இருந்தால் கணினி கறன்ற் கொடுக்காது என்பதால் ஓடி நின்ற வண்டியில் இதைப் பார்க்க முடியாது. மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ்விலும், சிவப்பை ரிலேயின் மற்றப் பெரிய முனையிலும் வையுங்கள். 11 வோல்ற்றுக்கு மேல் வர வேண்டும். பிறகு இரண்டு பெரிய முனைகளுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும். இரண்டு மூன்று வோல்ற் காட்டினால் உள்ளே தொடுமுனை கருகிவிட்டது. 'டிக்' என்று சத்தம் கேட்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். கருகிய ரிலேயும் டிக் என்றுதான் சொல்லும்.

ரிலே மாற்றுகிறவர்கள் இரண்டு பற்றரியின் நெகற்றிவ்வையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வாங்கும்போது, தொடர்ந்து கறன்ற் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் ஸ்ராட்டர் சொலனொயிட் மலிவு. ஆனால் அது சில செக்கன் வேலைக்குச் செய்தது. இரண்டு நிமிடம் பிடித்து வைத்தால் வெந்துவிடும்.

ரிலே நல்லதென்றால் அடுத்தது பிளக். கைவசம் டிசி கறன்ற் அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால், ரிலேயிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் வயர்களைச் சேர்த்து அதற்குள் விட்டு அளந்து பாருங்கள். ஒரு பிளக் 0.8 ஓம் என்றால் 11 வோல்ற்றில் ஏறத்தாழ 14 அம்பியர் இழுக்கும்; எட்டுக்கும் 110. முதல் செக்கன்களில் இன்னும் கூட. இரண்டு பிளக் செத்திருந்தால் கால்வாசி குறையும்.

கிளாம்ப் இல்லாதவர்கள் ஓம் பார்க்கலாம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: குளோ பிளக்கின் வயரும் இன்ஜெக்ரரின் வயரும் ஒரே கனெக்ரர் வழியாகத்தான் வால்வு மூடிக்குள் போகின்றன. என்ஜின் ஓடும்போது இன்ஜெக்ரர் வயரில் 110 வோல்ற்றுக்கு மேல் வரும். 12 வோல்ற் வண்டிதானே என்று ஓடும் என்ஜினில் கனெக்ரரைத் தொடாதீர்கள். திறப்பை எடுத்து, பற்றரிகளைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

1999 முதல் வந்த வண்டிகளில் ஒவ்வொரு பக்கமும் வால்வு மூடியின் கஸ்கற்றிலேயே ஒன்பது முனைக் கனெக்ரர் ஒன்று இருக்கும். ஓரங்களில் உள்ள இரண்டிரண்டு முனைகள் குளோ பிளக்குக்கு, நடுவில் உள்ள ஐந்தும் இன்ஜெக்ரருக்கு. 1997 வரையான வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கனெக்ரர்கள் என்பதால் எந்த முனை எது என்று கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்ரரைக் கழற்றி, கஸ்கற் பக்கத்து முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையே அளந்தால் 0.6 முதல் 2 ஓம் வரை வர வேண்டும். மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவில் அதுவே கணக்கைப் புரட்டிவிடும். எல்லையே இல்லை என்று காட்டினால் பிளக் செத்திருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் வயர் கழன்றோ கருகியோ இருக்கலாம். மூடியைத் திறந்து பிளக்கின் தலையிலேயே இன்னொரு முறை அளக்காமல் பிளக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். எண்ணெயிலும் சூட்டிலும் வருடக்கணக்காகக் கிடந்த அந்த வயர்தான் பல வண்டிகளில் குற்றவாளி.

மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் நன்றாகத் துடையுங்கள். மணல் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் எண்ணெயோடு சுற்றும். பயணி பக்கத்துப் பின் போல்ற்றுகளுக்குக் கை போவது கடினம். வளைகிற சொக்கற் நீட்டி இல்லாமல் தொடங்காதீர்கள். பிளக்குக்கு 10 மி.மீ. ஆழச் சொக்கற். என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மெதுவாகத் திருகுங்கள். மரை முழுக்கக் கழன்ற பிறகும் பிளக் மேலே வராவிட்டால் முனை வீங்கியிருக்கிறது. நெம்பினால் முனை உடைந்து சிலிண்டருக்குள் விழும், பிறகு ஹெட்டைக் கழற்றும் செலவு. மலிவான பிளக் வாங்க வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். இந்த என்ஜினுக்கு மோட்டார்கிராஃப்ட் இஸட்டி-11 என்று கேளுங்கள். ஊர்ப் பழக்கத்தில் ஹீற்றர் பிளக் என்று கேட்டால் கடைக்காரர் வேறு எதையாவது எடுத்துத் தருவார்.

புதியதைக் கையால் மரை பிடிக்கும் வரை திருகி, பிறகு 19 நியூற்றன் மீற்றருக்கு இறுக்குங்கள். அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒன்று செத்திருந்தால் அந்தப் பக்கத்து நாலையும் மாற்றுவதுதான் என் யோசனை. மூடியை இன்னொரு தடவை திறக்கும் பாடு மூன்று பிளக்கின் விலையைவிடப் பெரிது. மற்றப் பக்கம் நல்ல அளவு காட்டினால் விட்டுவிடலாம். உள் வயர் உடையத் தொடங்கியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குளிரில் முரண்டு பிடித்தால் எண்ணெயைப் பாருங்கள். இந்த என்ஜினில் இன்ஜெக்ரரைத் தள்ளுவதே எண்ணெய் அழுத்தம்தான். 15டபிள்யூ-40 எண்ணெய் கடுங்குளிரில் அந்த அழுத்தத்தைப் பிடிக்க நேரமெடுக்கும். பனிக்காலத்துக்கு 5டபிள்யூ-40 சிந்தெற்றிக் ஊற்றினால் வித்தியாசம் முதல் காலையிலேயே தெரியும்.

எந்த அவசரத்திலும் காற்றுக் குழாயில் ஈதர் ஸ்பிறே அடிக்காதீர்கள். பழுத்திருக்கும் குளோ பிளக்கில் அது நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்கும். பிஸ்ரன் உடைந்த கதைகள் உண்டு. அதற்குப் பதில் புளொக் ஹீற்றர் இருக்கிறது. பல வண்டிகளில் அதன் வயர் முன் பம்பருக்குப் பின்னால் சுருண்டு மறந்துபோய்க் கிடக்கும். எடுத்து, முனைகளுக்கு இடையே ஓம் பாருங்கள். 1000 வாட் ஹீற்றர் 14 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீற்றர் எரிந்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். வெளியே பாவிக்கத் தகுந்த தடித்த நீட்டிப்பு வயரில் ரைமர் போட்டு, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் தொடங்கும்படி வையுங்கள். வயரைக் கழற்ற மறந்து வீதி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள், அதைச் சாரதிக் கதவின் கைபிடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோய்ச் செருகலாம்.